‘ஆள் தேவை’ என்று எழுதும் முன்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கடலூர், புதுச்சேரிப் பகுதிகளிலிருந்து வந்தவை. எல்லாமே வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றியும் அதற்காகச் சமூக வலைதளங்களில் எழுதப்படுவதைப் பற்றியும் கேட்பவை. கன்சல்டன்சி நடத்துபவர்களும் எழுதியிருக்கிறார்கள், அவர்களிடம் வேலை தேடிப் போனவர்களும் எழுதியிருக்கிறார்கள். இரு தரப்பாரும் ஒருவரையொருவர் நம்ப முடியாமல் தவிப்பது கடிதங்களில் தெரிந்ததால், இந்த இதழின் பக்கங்களை இந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கிவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டபடி, ஊரின் பெயர் மட்டும் தரப்பட்டுள்ளது.

கேள்வி: நானும் என் மனைவியும் ஆறு ஆண்டுகளாகச் சிறிய மேன்பவர் கன்சல்டன்சி நடத்தி வருகிறோம். ஐ.டி.ஐ., டிப்ளமா முடித்த பிள்ளைகளைக் கடலூர் சிப்காட்டுக்கும் புதுச்சேரித் தொழிற்சாலைகளுக்கும் அனுப்புகிறோம். பேஸ்புக் பக்கம் ஒன்றும் வாட்ஸ்ஆப் குழுக்கள் பதினொன்றும் இருக்கின்றன. முன்பெல்லாம் ஒரு பதிவு போட்டால் நாற்பது, ஐம்பது பேர் அழைப்பார்கள். இப்போது ஐந்து பேர் அழைத்தால் அதிகம். ‘இது ஃபேக்கா?’ என்று பதிவின் கீழேயே கேட்கிறார்கள். மாதக் கட்டணம் பெற்றுக்கொண்டு எங்கள் பெயரைப் பிரபலமாக்கித் தருவதாக ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா? (மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பு, உங்கள் பதிவுகளை வேலை தேடும் ஒரு பிள்ளையின் கண்ணால் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். கடிதத்தோடு பத்துப் பதிவுகளின் நகல்களை அனுப்பியிருந்தீர்கள். பத்தையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் படித்தேன். அவற்றில் ஒன்று இது: ‘அவசரம்! அவசரம்! பாண்டி அருகில் பிரபல நிறுவனத்துக்கு 100 ஆண்கள் தேவை. சம்பளம் 18,000 முதல் 25,000 வரை. உணவு, தங்குமிடம் உண்டு. இன்றே கடைசி. உடனே அழைக்கவும்.’

இதில் பொய் எதுவும் இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால், படிப்பவருக்கு வேண்டிய தகவல் ஒன்றுகூட இதில் இல்லை. ‘பாண்டி அருகில்’ என்றால் எங்கே? திருப்பாதிரிப்புலியூரில் குடியிருக்கும் ஒரு பிள்ளைக்குக் கிருமாம்பாக்கம் என்றால் வீட்டிலிருந்தே போய்வரும் தூரம், ஒரே பஸ். சேதராப்பட்டு என்றால் புதுச்சேரிக்குப் போய் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். திருபுவனை என்றால் விழுப்புரம் சாலையில் நெடுந்தூரம். இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்ப முடியுமா, அறை எடுத்துத் தங்க வேண்டுமா என்பதெல்லாம் இந்த ஒரு சொல்லைப் பொறுத்தே இருக்கிறது. அத்துடன் இந்தப் பகுதியில் தமிழ்நாடும் புதுச்சேரியும் ஊருக்கு ஊர் மாறி மாறி வருகின்றன. குறைந்தபட்ச ஊதியத்தை இரண்டு அரசுகளும் தனித்தனியாக அறிவிக்கின்றன. எனவே வேலை நடக்கும் இடம் எந்த ஊரில் இருக்கிறது என்பது சம்பளத்தோடும் சேர்ந்த விஷயம்.

அடுத்தது சம்பளம். நீங்கள் எழுதியிருக்கும் 18,000 ரூபாய் பிடித்தம் போவதற்கு முந்தைய தொகை. பி.எஃப். கணக்கிடப்படும் ஊதியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் 12 சதவீதமாக 1,440 ரூபாய் போகும். மொத்தச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் ஈ.எஸ்.ஐ.க்காக 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய் போகும். கைக்கு வருவது 16,425 ரூபாய். கேன்டீனுக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் பிடித்தம் உண்டென்றால் இன்னும் குறையும். பி.எஃப்.பும் ஈ.எஸ்.ஐ.யும் தொழிலாளியின் நன்மைக்கானவை. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முதல் மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்த அன்று, 18,000 என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்த பிள்ளை 16,425 ரூபாயைப் பார்க்கும்போது, அந்த 1,575 ரூபாயை நீங்கள் எடுத்துக்கொண்டதாகவே நினைக்கும். ‘ஃபேக்’ என்ற சொல் உங்கள் பதிவின் கீழே வந்து சேர்ந்த வழிகளில் இதுவும் ஒன்றாக இருக்கும்.

25,000 என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நாள்தோறும் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பார்த்தால் கிடைக்கக்கூடிய தொகை என்று உங்கள் கடிதத்தின் இன்னொரு பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பதிவிலும் அதையே எழுதலாமே.

இவை எல்லாவற்றையும் விடப் பிள்ளைகள் முதலில் கேட்பது, ‘கம்பெனி ரோலா, கான்ட்ராக்ட் ரோலா?’ என்பதைத்தான்; அதாவது கம்பெனியே நேரடியாக வேலைக்கு எடுக்கிறதா, ஒப்பந்தக்காரர் மூலம் எடுக்கிறதா என்பது. பத்துப் பதிவுகளில் ஒன்றிலும் அதற்குப் பதில் இல்லை. ‘டிரெய்னி’ என்று எழுதப்படும் இடங்கள் பலவற்றில் உண்மையில் நடப்பது 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படியான அப்ரென்டிஸ் பயிற்சி. அதில் கிடைப்பது உதவித்தொகை; சம்பளம் அன்று. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ.யும் கிடையாது. அப்ரென்டிஸாகச் சேர்வது நல்ல வாய்ப்புத்தான், முடிக்கும்போது சான்றிதழ் கிடைக்கும். அது இன்னது என்று தெரிந்து சேருபவர் ஓராண்டு தாக்குப்பிடிப்பார். தெரியாமல் சேருபவர் இரண்டாவது மாதமே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். கம்பெனிக்காரர் உங்களைத்தான் கேள்வி கேட்பார்.

இதுபோன்ற ஒரு வேலைக்கான பதிவை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கிருமாம்பாக்கம், புதுச்சேரி. பிளாஸ்டிக் பொருள்கள் செய்யும் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு. 14 பேர் தேவை. ஐ.டி.ஐ. எந்தப் பிரிவானாலும் சரி. கான்ட்ராக்ட் ரோல், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டு. பிடித்தம் போகக் கைக்கு 16,425 ரூபாய். ஓ.டி. இருந்தால் தனி. மூன்று ஷிப்ட், இரவு ஷிப்ட் கட்டாயம். கடலூர் பஸ் நிலையத்திலிருந்து கம்பெனி பஸ். தங்கும் வசதி இல்லை. வேலை தேடுபவர்களிடம் நாங்கள் பணம் வாங்குவதில்லை. இந்த மாதம் 20-ஆம் தேதி வரை மட்டும்.’ இதைப் படித்துவிட்டு அழைப்பவர்கள் இருபது பேராகத்தான் இருப்பார்கள். ஆனால் அந்த இருபது பேரில் பெரும்பாலோர் வருவார்கள், வந்தவர்கள் நிற்பார்கள்.

கம்பெனியின் பெயரைப் போட்டால் பிள்ளைகள் நேரே கேட்டுக்குப் போய்விடுவார்கள், எங்கள் கமிஷன் போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான அச்சம். ஊரையும் தொழிலையும் சொல்லிவிட்டு, பெயரை அழைப்பவரிடம் போனில் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலில் இருப்பவர் எந்த வழியாக வந்து சேர்ந்தாலும் குறிப்பிட்ட மாதங்கள் வரை அது உங்கள் மூலம் வந்ததாகவே கணக்கு என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒப்பந்தத்தை எழுதி வாங்காமல், கமிஷன் போய்விடுமே என்பதற்காக வேலை தேடுபவரிடம் எல்லாவற்றையும் மறைப்பது சரியான வழியாக எனக்குப் படவில்லை.

ஒரு சிறு விஷயம், ஆனால் மிகவும் முக்கியம். தேதியைப் பதிவின் வாசகத்தில் எழுதினால் போதாது, படத்துக்குள்ளேயே எழுதுங்கள். வாட்ஸ்ஆப்பில் படம் மட்டும் கைமாறிக் கைமாறிப் போகும். ஆட்கள் நிரம்பி ஓராண்டு ஆன பிறகும் நெய்வேலியிலோ விருத்தாசலத்திலோ ஒருவர் அதைப் பார்த்துவிட்டு உங்களை அழைப்பார். ‘அது எப்போதோ முடிந்துவிட்டது’ என்று நீங்கள் சொல்லும்போது அவர் மனத்தில் பதிவது ஏமாற்றம் ஒன்றுதான். பேஸ்புக் பக்கத்தில் பழைய பதிவுகளை நீக்க வேண்டியதில்லை. ‘பணியிடங்கள் நிரம்பிவிட்டன, 14 பேர் சேர்ந்துள்ளனர்’ என்று மேலே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதைவிட நல்ல விளம்பரம் உங்களுக்கு வேறு இல்லை.

மாதக் கட்டணம் கேட்கும் நிறுவனத்தை ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லுங்கள். அதற்குள் தேவைப்படாமலே போகலாம்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை பதிவுகள் போட வேண்டும்? எந்த நேரத்தில் போட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள்? (நெல்லிக்குப்பம்)

பதில்: வேலை இருக்கும் நாளில் போடுங்கள், இல்லாத நாளில் போடாதீர்கள். பதிவைப் போட்டவர் அடுத்த இரண்டு மணி நேரம் போனை எடுத்துப் பதில் சொல்லக்கூடிய நேரமே நல்ல நேரம்.

கேள்வி: புதுச்சேரியில் ஒரு கன்சல்டன்சி மூலம் எனக்குக் கணக்காளர் வேலை கிடைத்தது. கிடைத்த அன்றே என் புகைப்படத்தையும் பெயரையும், சேரவிருக்கும் நிறுவனத்தின் பெயரையும், சம்பளத்தையும் போட்டு ‘வாழ்த்துகள்’ என்று இன்ஸ்டாகிராமில் வெளியிட்டுவிட்டார்கள். ரெஸ்யூமில் ஒட்டியிருந்த படம் அது. நான் பழைய வேலையிலிருந்து விலகுவதாக இன்னும் கடிதம் கொடுக்கவில்லை. மறுநாள் காலை முதலாளி என்னைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டினார். மிகவும் கூசிப் போனேன். உறவினர்கள் சம்பளத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வேலை வாங்கித் தந்தவர்களிடம் சண்டை போடவும் மனம் வரவில்லை. இது சரியா? (வில்லியனூர், புதுச்சேரி)

பதில்: சரியில்லை, அம்மா. உங்களுக்கு உதவி செய்தவர்கள் என்பதால் உங்கள் படத்தின் மீது அவர்களுக்கு உரிமை வந்துவிடாது. நீங்கள் ரெஸ்யூம் கொடுத்தது வேலை தேடுவதற்காக, அவர்களுக்கு விளம்பரம் செய்வதற்காக அன்று. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இந்தக் கருத்தையே அடிப்படையாகக் கொண்டது: எந்தக் காரியத்துக்காக ஒருவரின் தகவல் பெறப்படுகிறதோ அந்தக் காரியத்துக்கென்று அவருடைய தெளிவான ஒப்புதல் வேண்டும், ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்கும் வாய்ப்பும் தரப்பட வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டு, சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது.

சண்டை வேண்டாம். ‘என்னைக் கேட்காமல் என் படமும் சம்பளமும் வெளியிடப்பட்டுள்ளன; இன்றே நீக்கிவிடுங்கள்’ என்று வாட்ஸ்ஆப்பில் எழுத்தாக அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்வதைவிட எழுதுவது நல்லது. எப்போது கேட்டீர்கள் என்பதற்குச் சான்று இருக்கும். பெரும்பாலும் அன்றே நீக்கிவிடுவார்கள். நீக்காவிட்டால் இன்ஸ்டாகிராமிலேயே புகார் செய்யும் வழி இருக்கிறது.

கன்சல்டன்சி நடத்தும் வாசகர்களுக்கும் இதே இடத்தில் சில வார்த்தைகள். வேலையில் சேர்ந்து ஒரு மாதம் கழித்து, அந்தப் பெண்ணையே கேட்டு, அவர் விரும்பிக் கொடுக்கும் படத்தோடு, சம்பளத்தைச் சொல்லாமல் போட்டிருந்தால் அவரே அதைத் தன் நண்பர்களுக்கு அனுப்பியிருப்பார். சேரும் முன்பே போட்ட அவசரத்தால் அவர் தலைகுனிந்து நிற்க நேர்ந்தது.

உங்கள் வாட்ஸ்ஆப் குழுக்களையும் சற்று யோசியுங்கள். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். அத்தனை பேரின் எண்களும் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். வேலை தேடுபவர்களின் எண்கள் மொத்தமாக ஒரே இடத்தில் கிடைப்பது மோசடிக்காரர்களுக்கு எவ்வளவு வசதி என்பதை நினைத்துப் பாருங்கள். குழுவில் ஓசையில்லாமல் சேர்ந்து, எண்களை எடுத்துக்கொண்டு, உங்கள் கன்சல்டன்சியின் பெயரைச் சொல்லியே ‘பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய் அனுப்பவும்’ என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்புவார்கள். பெயர் கெடுவது உங்களுக்கு. 2023-இல் வந்த வாட்ஸ்ஆப் சேனல் வசதியில் பின்தொடர்பவர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரிவதில்லை. அறிவிப்புகளை அதற்கு மாற்றிவிடுவது நல்லது. ஆதார் நகலையும் முதல் நாளே கேட்க வேண்டியதில்லை. அடையாளம் பார்ப்பதற்கு, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படி ஆதார் ஆணையமே தரும் மறைக்கப்பட்ட ஆதார் போதும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தைப் பற்றி கூகுளில் ஒரு இளைஞர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, ‘3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு வேலை தரவில்லை, ஏமாற்றுக்காரர்கள்’ என்று எழுதிவிட்டார். இரண்டு நேர்காணல்களுக்கு அவரை அனுப்பினோம், தேறவில்லை. தெரிந்தவர்கள் ஐம்பது பேரை ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னால் அது கீழே போய்விடும் என்று நண்பர் சொல்கிறார். வழக்குப் போடலாமா என்றும் யோசிக்கிறேன். (தட்டாஞ்சாவடி, புதுச்சேரி)

பதில்: இரண்டுமே வேண்டாம். ஒரே வாரத்தில் ஐம்பது பேர் ‘மிக நல்ல சேவை’ என்று ஒரே மாதிரி எழுதியிருப்பதைப் பார்த்தால் இன்றைய பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். இணைய மதிப்புரைகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரவிதியையே கொண்டுவந்திருக்கிறது. பணம் கொடுத்தோ சொல்லி வைத்தோ எழுதப்படும் மதிப்புரைகள் அவ்வளவு பெரிய தொல்லையாகிவிட்டன.

மக்கள் தொடர்பு என்ற தொழிலின் தொடக்க காலத்து நிகழ்ச்சி ஒன்று இங்கே பொருந்தும். 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் காலத்தில் ரயில் கம்பெனிகள் விபத்துகளை மூடி மறைப்பதே வழக்கம். அந்தக் கம்பெனிக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ, நடந்ததைக் கம்பெனியே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுக்க வைத்தார். செய்தியாளர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துப் போகவும் ஏற்பாடு செய்தார். பத்திரிகைக் குறிப்பு என்று இன்று நாம் சொல்வதற்கு அதையே முன்னோடியாகக் காட்டுவார்கள். கெட்ட செய்தியைச் சம்பந்தப்பட்டவரே முன்வந்து சொல்லும்போது கேட்பவருக்கு ஒரு நம்பிக்கை பிறக்கிறது. உங்கள் ஒற்றை நட்சத்திரத்துக்கும் வழி அதுதான்.

அந்த மதிப்புரையின் கீழே உரிமையாளர் பதில் எழுதும் இடம் இருக்கிறது. இப்படி எழுதுங்கள்: ‘வணக்கம். நீங்கள் 3,500 ரூபாய் கட்டியது எங்கள் பதிவேட்டில் உள்ளது. வேலை அமையவில்லை என்பதும் உண்மை. பணம் எதற்காக வாங்கப்படுகிறது, வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். தொகையை இந்த வாரத்துக்குள் திருப்பித் தருகிறோம்.’ தந்தும் விடுங்கள். அவர் நேர்காணலில் தேறவில்லை என்பதையோ அவருடைய மதிப்பெண்ணையோ பொதுவில் எழுதிவிடாதீர்கள். அது உங்கள் தரப்பு நியாயத்தைக் காட்டாது, நாளைக்கு எங்களைப் பற்றியும் இப்படி எழுதுவார்கள் என்று மற்றவர்களைத்தான் பயப்படுத்தும்.

உள்ளூர் வேலைக்கு, வேலை தேடி வருபவரிடம் பணம் வாங்குவதையே நிறுத்திவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஆள் வேண்டும் என்று கேட்பவர் கம்பெனிக்காரர். செலவும் அவருடையதாகவே இருக்கட்டும். அந்த 3,500 ரூபாய்க்காக ஒரு தாய் எதை அடகு வைத்தாள் என்பது உங்கள் ரசீதுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்காது.

நான் இதை மேலிருந்து சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஆளெடுப்பு அலுவலகம் ஒன்றில், பன்னிரண்டு இடங்களுக்கு வாக்-இன் (நேரில் வருவோருக்கு அன்றே நேர்காணல்) நடத்தினோம். நூற்று நாற்பது பேர் வந்தார்கள். மாலையில் எல்லோரிடமும், ‘போன் செய்து தகவல் சொல்கிறோம்’ என்று சொல்லி அனுப்பினோம். பன்னிரண்டு பேருக்குச் சொன்னோம். மீதி நூற்று இருபத்தெட்டு பேரின் விண்ணப்பங்களும் நூலில் கட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின. ஒன்றரை மாதம் கழித்துக் கடலூர் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பாகூர்ப் பையன், ‘சார், ரிசல்ட் வந்துவிட்டதா?’ என்று கேட்டான். எங்கள் போன் வரும் என்று காத்திருந்து, ஓட்டல் கணக்கு எழுதும் வேலை ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னான். கையில் சிறிய பட்டன் போன் வைத்திருந்தான். சார்ஜ் தீர்ந்துவிடக்கூடாது என்று பேட்டரியைத் தனியாக ஒன்று சட்டைப் பையில் வைத்திருந்தான். அந்த பேட்டரியை இப்போதும் மறக்க முடியவில்லை.

அன்று நூற்று இருபத்தெட்டு பேருக்குப் போன் செய்ய ஆள் இல்லை என்று நாங்கள் சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. இன்று வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலியில் பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்து, ஒரு தொடுதலில் அனுப்பலாம். ‘இந்த முறை உங்களைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை, எங்கள் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம், வேறு வேலை வந்தால் தாராளமாகச் சேருங்கள்’ என்ற மூன்று வரிகள் போதும். வேலை கிடைத்தவர் எப்படியும் உங்களைப் பற்றி நல்லதாகச் சொல்வார். கிடைக்காதவர் என்ன சொல்கிறார் என்பதை வைத்தே ஊரில் உங்கள் பெயர் நிற்கும். அவரோ நூற்று நாற்பதில் நூற்று இருபத்தெட்டு பேர்.

கேள்வி: என் மகன் பி.காம். முடித்திருக்கிறான். தாய்லாந்தில் ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’ வேலை, மாதம் ஒரு லட்சம் ரூபாய், விசா இலவசம் என்று ஒரு ரீல்ஸ் பார்த்துவிட்டுப் போயே தீருவேன் என்கிறான். எங்கள் பக்கத்து யூடியூபர் ஒருவரும் அதை நல்ல கம்பெனி என்று பேசியிருக்கிறார். எங்கள் ஊரிலிருந்து பலர் வெளிநாடு போய் நன்றாக இருக்கிறார்கள். அதனால் தடுக்கவும் தெரியவில்லை. எப்படி விசாரிப்பது? (பரங்கிப்பேட்டை)

பதில்: அம்மா, விசாரித்து முடிக்கும்வரை மகனின் பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்க விடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் வேலையின் பெயரே எனக்குக் கவலை தருகிறது. 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவுத் துறை ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ், மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்’ வேலை என்று சமூக வலைதள விளம்பரங்கள் மூலமும் துபாயிலும் இந்தியாவிலும் உள்ள ஏஜென்டுகள் மூலமும் இளைஞர்களை ஈர்த்து, சட்டவிரோதமாக எல்லை தாண்ட வைத்து, பெரும்பாலும் மியான்மருக்குக் கொண்டுபோய், அங்கே அடைத்து வைத்துக் கடுமையாக வேலை வாங்குகிறார்கள் என்பதே அதன் சாரம். கம்போடியாவிலும் லாவோசிலும் இதே கதை. அங்கே வாங்கப்படும் வேலை, இங்கிருக்கும் நம்மவர்களையே போனில் ஏமாற்றுவது.

நன்றாகப் படித்த பிள்ளைகள் எப்படி மாட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். பத்தாம் வகுப்பு தேறியவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி தேவையில்லை. கட்டட வேலைக்குச் சவூதி போகும் படிக்காத தொழிலாளியின் ஒப்பந்தத்தை அரசு அலுவலகம் ஒருமுறை பார்த்துவிடும், பி.காம். படித்தவர் கேள்வியின்றி விமானம் ஏறிவிடலாம். ஆகவே பார்க்க வேண்டியவர் நீங்களே.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் எவரானாலும் 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை அலுவலகத்திலும் விளம்பரத்திலும் காட்ட வேண்டும். சமூக வலைதள விளம்பரமும் அதில் அடங்கும். அந்த ரீல்ஸில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வெளியுறவுத் துறையின் இ-மைகிரேட் இணையதளத்தில் அந்த எண் அதே பெயரில், அதே முகவரியில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். உண்மையான ஏஜென்ட் ஒருவரின் எண்ணைத் திருடிப் போடுபவர்களும் உண்டு என்பதால், இணையதளத்தில் உள்ள தொலைபேசி எண்ணை அழைத்து, ‘இந்த விளம்பரம் உங்களுடையதா?’ என்று கேட்டுவிடுங்கள். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.; ஆக 35,400 ரூபாய், ரசீதோடு. ‘முதலில் டூரிஸ்ட் விசாவில் போகலாம், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொன்னால், மேற்கொண்டு பேச வேண்டாம்.

சந்தேகம் கேட்க வெளியுறவுத் துறையின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவின் கட்டணமில்லா எண் 1800 11 3090. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் வெளிநாட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பி வருகிறது; மகனின் ஆசையை அந்த வழிக்குத் திருப்பலாம். ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

அந்த யூடியூபருக்கும் பொறுப்பு உண்டு. தவறான விளம்பரங்கள் பற்றி 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ஒன்றைப் பரிந்துரைப்பவர் அதைப் பற்றிப் போதிய அளவு தெரிந்துகொண்ட பிறகே பரிந்துரைக்க வேண்டும். பணம் வாங்கியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மீறினால் 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பவும் மீறினால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அவரையே நேரில் பார்த்து, ‘அந்தக் கம்பெனியில் யாரிடம் பேசினீர்கள், எவ்வளவு வாங்கினீர்கள்?’ என்று கேளுங்கள். உள்ளூர்ப் பிள்ளை என்றால், கேட்கும்போதே பதில் முகத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: ‘ஆண்கள் மட்டும்’, ‘திருமணமாகாத பெண்கள் மட்டும்’ என்று போடும்படி கம்பெனிகளே சொல்கின்றன. கன்சல்டன்சி என்ன செய்ய முடியும்? (பண்ருட்டி)

பதில்: முதலாவதுக்குச் சட்டமே பதில் சொல்கிறது. 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமும், அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும், ஒரே வகையான வேலைக்கு ஆள் எடுப்பதில் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டுவதைத் தடுக்கின்றன. பெண்களை அமர்த்தக்கூடாது என்று வேறு சட்டம் சொல்லும் வேலைகளுக்கு மட்டுமே விலக்கு. பதிவு உங்கள் பெயரில் வருகிறது என்பதைக் கம்பெனிக்கு நினைவூட்டுங்கள். பெரும்பாலும் அவர்கள் மனத்தில் இருப்பது கனமான மூட்டை தூக்குவதோ இரவு ஷிப்டோதான். அப்படியானால் ‘25 கிலோ மூட்டை தூக்க வேண்டும்’, ‘இரவு ஷிப்ட் உண்டு’ என்று எழுதிவிட்டு, முடியுமா என்பதைப் படிப்பவரிடமே விட்டுவிடலாம். ‘திருமணமாகாத’ என்ற சொல்லை நானாக இருந்தால் எந்தக் காரணத்துக்காகவும் எழுதமாட்டேன். முந்திரிக்கொட்டை உடைத்தே குடும்பத்தைக் காப்பாற்றும் பெண்கள் உங்கள் ஊரில் எத்தனை பேர் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: இதழியல், மக்கள் தொடர்பு படித்து வருகிறேன். ஆளெடுப்புத் துறையில் சமூக வலைதளப் பணிக்குச் சேர விரும்புகிறேன். என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: படம் வடிவமைப்பதையும் ரீல்ஸ் வெட்டுவதையும் நீங்கள் ஏற்கெனவே கற்றிருப்பீர்கள். கல்லூரி விடுமுறையில் ஒரு வாரம், ஏதாவது ஒரு கன்சல்டன்சியில் தொலைபேசி எடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். அழைப்பவர்கள் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் அப்படியே, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ‘கைக்கு எவ்வளவு?’, ‘ஞாயிறு லீவா?’, ‘அரியர் இருந்தால் எடுப்பீர்களா?’, ‘பொம்பளப் பிள்ளைக்கு ஹாஸ்டல் உண்டா?’ என்று வரும். பிறகு அந்த அலுவலகத்தின் பதிவுகளை எடுத்து, நோட்டில் உள்ள எந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது, எதற்கு இல்லை என்று குறியுங்கள். அந்த நோட்டோடு வேலை கேட்கப் போங்கள். நீங்கள் செய்த எந்த ரீல்ஸையும்விட அது உங்களைப் பற்றிச் சொல்லும்.